துணை வேளாண்மை விரிவாக்க மையத்தைப் பூட்டாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்?

கேள்வி: விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். ஊரிலேயே ஒரு துணை வேளாண்மை விரிவாக்க மையம் (டெப்போ என்போம்) இருக்கிறது. ஏ.ஏ.ஓ. (உதவி வேளாண்மை அலுவலர்) பணியிடம் காலி. பொறுப்பு பார்ப்பவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார், சில வாரம் அதுவும் இல்லை. இனி 17 கி.மீ. தள்ளியிருக்கும் வட்டார மையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் உழவன் செயலியில் இருக்கிறதே என்கிறார்கள். டெப்போ மூடப்படாமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்? பாகூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் உறவினருக்கும் இதே மாதிரி சிக்கல்.

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துணை டெப்போவை மூடுகிறோம் என்று தாள் எதுவும் பெரும்பாலும் வராது. அதனால் ‘மூடும் உத்தரவை ரத்து செய்’ என்று மனு எழுதினால், ‘அப்படி உத்தரவே இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்து கதை முடிந்துவிடும். டெப்போ வேறு வழியில் சாகிறது. பணியிடம் காலியாகும், பக்கத்துப் பிர்காக்காரர் கூடுதல் பொறுப்பில் வருவார். சாவி அவர் பையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சரக்கை இறக்கி வைத்தால் பொறுப்பு தன் தலையில் விழும் என்று அவர் வட்டாரக் கிடங்கிலேயே விட்டுவைப்பார். சரக்கு இல்லையென்றால் ஆட்கள் வர மாட்டார்கள், ரசீதுப் புத்தகம் நகராது. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் ‘இந்த மையத்தில் விற்பனையே இல்லையே’ என்ற பேச்சு வரும். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச உங்கள் கையில் காகிதம் இருக்காது. ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியது இரண்டு பதிவேடுகளை: இருப்புப் பதிவேடு, விற்பனை ரசீது. அவை நகர்ந்தால் மையம் தானாக நிற்கும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். வட்டாரத்துக்குத் தலைமை வேளாண்மை உதவி இயக்குநர், ஏ.டி. அவருக்குக் கீழே வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர், ஊர்களைப் பிரித்துப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலர்கள், சரக்குக்குக் கிடங்கு மேலாளர். மாவட்டத்துக்கு இணை இயக்குநர், கடலூரில். ஏ.ஏ.ஓ. பணியிடம் நிரப்புவது டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, பணி நியமனம் என்று சென்னை வரை போகும் விஷயம். அதை ஏ.டி.யிடம் கேட்டுப் பயனில்லை, அவரே ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருப்பார். ஆனால் எந்த நாளில் யார் உங்கள் டெப்போவில் உட்கார வேண்டும், வட்டாரக் கிடங்கிலிருந்து எவ்வளவு சரக்கு அங்கே இறக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஏ.டி. மட்டத்திலேயே முடிவு செய்ய முடியும். ஏ.டி.யிடம் நாளும் சரக்கும் கேளுங்கள், இணை இயக்குநரிடமும் ஆட்சியரிடமும் பணியிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், கைக்கு எட்டுவதும் எட்டாததோடு சேர்ந்து கிடப்பில் போகும்.

செயலி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தது. வானிலை, சந்தை விலை, மானியப் பதிவு எல்லாவற்றுக்கும் நல்ல கருவிதான், பழிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அது 160 கிலோ ஜிப்சத்தைத் தூக்கிக்கொண்டு வராது. பயிரின் தூரை விலக்கிப் பார்த்து, இது புகையான் பூச்சி இல்லை, துத்தநாகப் பற்றாக்குறை, மருந்து அடிக்காதே என்று சொல்லாது. இளம் நெற்பயிரில் இலைகளில் துரு நிறப் புள்ளி விழுந்து வயல் திட்டுத்திட்டாகக் குன்றி நின்றால், அது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இல்லாத கோளாறு. பயிரின் தூருக்கு மேலே தண்ணீர் மட்டத்தில் பூச்சி கூட்டமாக ஒட்டியிருந்து, வயல் வட்டவட்டமாகக் காய்ந்தால் அது புகையான். தெரியாமல் கடைக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே பாட்டில் கைக்கு வரும். அந்த ஒரு பாட்டில் காசில் துத்தநாகம் போட்டிருக்கலாம்.

அந்தச் செயலியே உங்களுக்கு ஆயுதமாகவும் ஆகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் விதை இருப்பு, உர இருப்பு, உதவி வேளாண்மை அலுவலர் வருகை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. உங்கள் டெப்போவுக்கு உளுந்து விதை இருப்பு ‘0’ என்று காட்டினால், நாளோடு திரையைப் படம் பிடித்து வையுங்கள். அலுவலர் வருவதாகக் காட்டிய நாளில் கதவு பூட்டியிருந்தால் அதையும் பிடியுங்கள். துறையே வெளியிட்ட தகவல் என்பதால் கூட்டத்தில் யாரும் மறுக்க முடியாது. யாரையும் மாட்டிவிட இது வேண்டியதில்லை. மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தால் ஆள் பற்றாக்குறைக்குச் சான்று ஆகும், அந்த அலுவலருக்கே அது உதவி.

17 கி.மீ. தூரம் பெரிதா என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே பதில் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மணிலா (நிலக்கடலை) அதிகம். மணிலாவுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம், ஏக்கருக்கு 160 கிலோ. இறவையில் 40-45 நாளில் மண் அணைக்கும்போது போட வேண்டும். காரணம், மணிலாக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொடுப்பதில்லை, மண்ணுக்குள் இறங்கும் விழுதும் வளரும் காயும் நேராகச் சுற்று மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. விழுது இறங்கிக் காய் திரண்ட பிறகு கொண்டுவந்து கொட்டினால் பயனில்லை, உடைத்துப் பார்த்தால் பொக்குக் காய்தான். 150 ஏக்கர் மணிலா உள்ள ஊர் என்றால் 24 டன் ஜிப்சம், அதுவும் ஏறத்தாழ ஒரே பத்து நாளுக்குள். ஆளுக்கு மூன்று மூட்டையைப் பேருந்தில் ஏற்ற முடியாது. தனித்தனியாக டாடா ஏஸ் பிடித்தால் மானியம் வண்டி வாடகையில் கரைந்துவிடும், பிறகு ‘எதுக்கு வம்பு’ என்று ஜிப்சமே போடாமல் விடுவார்கள். விற்பனைப் பதிவேட்டில் அது ‘விவசாயிகளிடம் ஆர்வம் இல்லை’ என்று பதிவாகும். ஒரே லாரியில் டெப்போவுக்கு வந்து இறங்கினால் இந்தச் சிக்கலே கிடையாது.

விதை இன்னும் நுட்பமான விஷயம், டெப்போவின் உயிர் அதில்தான் இருக்கிறது. சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும், ஆதார விதைக்கு வெள்ளை. அட்டையில் பரிசோதனை நாளும் காலாவதி நாளும் இருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம் செல்லும், மறுபரிசோதனை செய்தால் இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். நெல்லுக்குக் குறைந்தது 80 சதம் முளைப்பு, ஈரம் 13 சதத்துக்கு மேல் கூடாது. உளுந்துக்கு 75 சதம், மணிலாவுக்கு 70 சதம், இந்த இரண்டுக்கும் ஈரம் 9 சதம். ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்துக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூரை ஒழுகும், தரை ஓதம் அடிக்கும் டெப்போவில் தரையிலேயே மூட்டையை அடுக்கி, சுவரோடு சாய்த்துவிட்டால், 9 சதத்தில் வந்த உளுந்து சில வாரத்திலேயே ஈரம் ஏறி, வண்டு விழுந்து, முளைப்பு சரிந்துவிடும். அப்படிக் கெட்ட விதைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் அந்த அலுவலர். எனவே ஒழுகும் டெப்போவில் எந்த அலுவலரும் சரக்கு வாங்கி வைக்க மாட்டார், நானாக இருந்தாலும் வைக்க மாட்டேன். ‘ஏ.ஏ.ஓ. சரியில்லை’ என்று ஊரில் பேசிக்கொண்டிருக்கும் பல இடங்களில் உண்மைக் காரணம் கூரையில் இருக்கும் விரிசல்தான்.

இதனால்தான் முதல் வேலையாக டெப்போவுக்குள் போய் ஒரு சுற்று பாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, தரையில் ஓதம் உண்டா, ஜன்னல் மூடுகிறதா, மின் இணைப்பு இருக்கிறதா அல்லது பில் கட்டாமல் துண்டித்திருக்கிறார்களா, எடைத் தராசு வேலை செய்கிறதா, மூட்டை அடுக்க மரச்சட்டம் உண்டா, எலி பொந்து எத்தனை. மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க இடம் இருந்தால் போதும், பெரிய கட்டடம் தேவையில்லை. கட்டடம் யாருடையது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துறையுடையது என்றால் பழுதுக்கு மதிப்பீடு துறை வழியாகப் போக வேண்டும். ஊராட்சிக் கட்டடம் என்றால் ஊராட்சி நிதியிலோ, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கேட்கலாம். வாடகைக் கட்டடம் என்றால் சொந்தக்காரர் பழுது பார்க்க மாட்டார், ஊராட்சியில் சும்மா கிடக்கும் நல்ல கட்டடம் எது என்று நீங்களே காட்டுவது சீக்கிரம் பலன் தரும்.

அடுத்தது தேவைப் பட்டியல். ‘எங்களுக்கு விதை வேண்டும்’ என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. எந்தப் பட்டம், எந்த ரகம், எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்தால், அதை வைத்து வட்டாரத்தில் இருந்து கேட்புப் போகும். சம்பாவுக்கு விதை கேட்டு ஆவணியில் போய் நின்றால் மிச்சம் இருக்கும் ரகம்தான் கிடைக்கும். பட்டத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே பட்டியல் ஏ.டி. மேசையில் இருக்க வேண்டும்: சம்பாவுக்கு வைகாசி முடிவதற்குள், மார்கழிப் பட்டத்து மணிலாவுக்கு புரட்டாசியில், தைப்பட்டத்து உளுந்துக்கு ஐப்பசியில்.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் விவசாயி பெயர், சர்வே எண், பரப்பு, பயிர், ரகம், விதை அளவு, கைபேசி எண், கையெழுத்து. பரப்பை ஹெக்டேரில் எழுதுங்கள். ஊரில் காணிக் கணக்குதான் பேசுவோம், காணிக்கு 1.32 ஏக்கர். ஆனால் துறையின் இலக்கு முழுக்க ஹெக்டேரில் ஓடுகிறது, 2.47 ஏக்கர் ஒரு ஹெக்டேர். காணியில் எழுதிக் கொடுத்தால் அங்கே ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டும், மாற்ற ஆள் இருந்தால் உங்கள் டெப்போ ஏன் பூட்டிக் கிடக்கப் போகிறது. விதை அளவையும் பரிந்துரைப்படி போடுங்கள். இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ, 100 ஏக்கருக்கு 800 கிலோ. நெல் தரிசில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தில் விதைப்பதென்றால் 10 முதல் 12 கிலோ. நெல்லில் நாள் அதிகமாக ஆக விதை குறையும். நாற்றுவிட்டு நட 105-110 நாள் ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ, சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகத்துக்கு 12 கிலோவே போதும். தாழ்வான வயல்காரர்கள் சி.ஆர். 1009 சப்-1 என்று ரகப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும். ‘சப்-1’ இல்லாவிட்டால் வெள்ளத்தில் மூழ்கித் தாங்கும் குணம் கிடையாது. இரண்டும் பெயரில்தான் ஒன்று, வயலில் வேறு.

இந்தப் பட்டியல் கொடுத்தபின் ஒரு கடமை உங்கள் பக்கமும் இருக்கிறது. கேட்ட சரக்கு வந்து இறங்கியதும் எடுத்தே ஆக வேண்டும். 800 கிலோ உளுந்து கேட்டுவிட்டு, சந்தையில் விலை சரிந்தது என்று 200 கிலோ மட்டும் எடுத்தால், அடுத்த பட்டத்துக்கு உங்கள் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் வாயால் சொன்னவர் பெயரைச் சேர்க்காதீர்கள், கையெழுத்துப் போட்டவர் பெயர் மட்டும் போதும். குறைவாகக் கேட்டு முழுவதும் எடுப்பது நல்லது.

வாங்கும்போது ரசீது உங்கள் சொந்தப் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஒரே ஆள் பத்துப் பேருக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தால் வேலை எளிதுதான், ஆனால் பதிவேட்டில் ஒரு பயனாளி என்றே ஏறும். ‘எத்தனை விவசாயிகள் பயனடைந்தார்கள்’ என்ற கட்டத்தில் பத்துக்குப் பதில் ஒன்று விழும். 50 ரூபாய் உயிர் உரம் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். வந்து போனவர் பதிவேடு ஒன்று மேசையில் இருக்கும், ஆலோசனை மட்டும் கேட்கப் போனாலும் அதில் நாள், ஊர், என்ன கேட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பதிவேடு இல்லையென்றால் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

திறக்கும் நாள் விஷயத்தில் பேராசை வேண்டாம். வாரம் ஐந்து நாள் கேட்டால் எதுவும் கிடைக்காது. ஒரு அலுவலர் மூன்று ஊரைப் பார்க்கிறார் என்றால், வாரம் இரண்டு நாள், காலை 9.30 முதல் 1 மணி வரை, மாறாத நாள் என்று கேளுங்கள். பட்டம் பிடிக்கும் மூன்று வாரத்துக்கு மட்டும் நான்கு நாள். ஒன்று சந்தை நாளாக இருக்கட்டும், ஊர்ச்சனம் எப்படியும் வரும் நாள் அது. உழவர்-அலுவலர் தொடர்புத் திட்டத்தில் ஏற்கெனவே ஒவ்வொரு ஊராட்சிக்கும் வருகை நாள் முன்கூட்டியே நிர்ணயித்திருப்பார்கள். அதன் நகலை வாங்கி டெப்போ கதவில் ஒட்டுங்கள். நாள் மாறினால் முதல் நாள் மாலைக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட ஒருவரை நியமியுங்கள். இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாவது முறை வர மாட்டார், கடைக்குப் போய்விடுவார். நாள் மாறுவதைவிட அது தெரியாமல் இருப்பதே டெப்போவுக்கு அதிகக் கேடு.

இதையெல்லாம் எழுத்தில் கட்ட, தகவல் உரிமைச் சட்டம் மலிவான கருவி. வெள்ளைத் தாளில், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் மூடுகிறீர்கள்’ என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டில் இந்தத் துணை மையத்துக்கு மாதவாரியாக வரவான விதை, ஜிப்சம், நுண்ணூட்டம், உயிர் உரம் எத்தனை கிலோ, விற்றது எத்தனை, எத்தனை விவசாயிகள் பெயரில், ஒதுக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, பொறுப்பு அலுவலரின் வருகைத் திட்ட நகல், கட்டடப் பழுதுக்கு அனுப்பிய மதிப்பீடு இருந்தால் அதன் நகல். பதில் வந்ததும் வரவையும் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்த சரக்கெல்லாம் விற்றிருந்தால், விற்பனை குறைந்ததற்குக் காரணம் வரவு குறைந்ததுதான் என்பது அவர்கள் தாளிலேயே இருக்கும். இதைவிடப் பெரிய வாதம் கிடையாது. வந்த சரக்கு தேங்கியிருந்தால் குறை உங்கள் ஊரில், அதைச் சரிசெய்துவிட்டு மனுவுக்குப் போங்கள்.

மனு போகும் இடங்கள்: ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், பிறகு கிராம சபை. கூட்டத்தில் இணை இயக்குநர் நேரில் இருப்பார், கேட்பவர் சில நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நெய்வேலி நிலம், கரும்பு நிலுவை, யூரியா என்று பெரிய பிரச்சினைகள் வரிசையில் நிற்கும்போது, ‘எங்கள் டெப்போ’ என்று பொதுவாகப் பேசினால் சத்தத்தில் கரைந்துவிடும். ‘எங்கள் மையத்தில் இன்ன மாதத்திலிருந்து உளுந்து விதை வரவு இல்லை, கேட்பு இவ்வளவு கிலோ, கையெழுத்து இத்தனை பேர், வாரம் இரண்டு நாள் அலுவலரும் ஒரு லாரி ஜிப்சமும் போதும்’ என்று சொல்லித் தாளை நீட்டுங்கள். மனு எண் வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள், அடுத்த மாதம் அந்த எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் கிராம சபை கூடும், தீர்மானம் செல்லும். மே 1 சபையில் தீர்மானம் போட்டால் சம்பாவுக்குக் கைக்கு வரும், நவம்பரில் போட்டால் அந்தப் பட்டம் போய்விட்டது. தீர்மான நகலில் எண்ணும் தேதியும் இருக்கிறதா பாருங்கள்.

ஏ.ஏ.ஓ.வின் பெயரைச் சொல்லித் திட்டி எழுதும் மனு ஒன்று உண்டு, ஊருக்கு ஊர் பார்க்கலாம். அதற்குக் கிடைக்கும் பலன் அவருக்கு இடமாறுதல், உங்களுக்கு இன்னும் ஒரு காலியிடம்.

புயல் காலத்தில் இந்த மையம் எதற்கு வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், கடலூர் மாவட்டத்தில் அது அபூர்வமாக வரும் விஷயம் இல்லையே. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல். பயிர்ச் சேதம் 33 சதத்துக்கு மேல் என்று வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து கணக்கெடுத்தால்தான் நிவாரணம். ஃபெஞ்சலுக்கு இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 6,900-க்குக் கொஞ்சம் கீழே. மானாவாரிக்கு 8,500, முந்திரி, பலா மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு 22,500. தண்ணீர் நிற்கும்போது வயலைப் பார்த்த அலுவலருக்கும், வடிந்து பத்து நாள் கழித்துப் பார்ப்பவருக்கும் 33 சதம் ஒன்றாகத் தெரியாது. நெல் மீண்டும் பச்சை காட்டும், உள்ளே தூர் அழுகியிருக்கும். உங்கள் ஊர் வயலின் மேடு பள்ளம் தெரிந்த அலுவலர் இருப்பதன் விலை அந்தச் சில நாளில்தான் தெரியும்.

காப்பீட்டிலும் இப்படித்தான். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம். இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை, அறிவிக்கப்பட்ட கிராம அலகின் சராசரி மகசூலைப் பார்த்து வருகிறது. அதனால் பதிவில் வருவாய்க் கிராமத்தின் பெயர் பிழையானால், ஊரே இழப்பீடு வாங்கும்போது உங்களுக்கு மட்டும் வராது. ஒரே பெயரில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கிராமம் இருக்கும் இடங்களில் இது நிறைய நடக்கிறது. கட்டிய ரசீதை டெப்போ நாளில் கொண்டுபோய், அடங்கலோடு வைத்து, கிராமம், சர்வே எண், பயிர் மூன்றையும் ஒருவர் சரிபார்த்தால் கடைசித் தேதிக்குள் திருத்திவிடலாம். சராசரிக்காக நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனை நெல்லில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தில் நடக்கும். பரிசோதனை நடக்கும் தேதியைத் தெரிந்துகொண்டு கூட நின்று பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

வேறு வழிகள் வந்துவிட்டனவே என்ற வாதமும் உங்களிடம் சொல்லப்படும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் உரமும் கடனும் கொடுக்கும், வயலுக்கு வராது. 2025 மே மாதம் தொடங்கிய ‘உழவரைத் தேடி’ முகாம்களில் எல்லாத் துறையும் ஒரே இடத்தில் உட்காருவார்கள், உங்கள் ஊருக்கு எப்போது முறை வரும் என்பதே கேள்வி. வேளாண் பட்டதாரிகள் நடத்தும் முதல்வரின் உழவர் நல சேவை மையம் உங்கள் பக்கம் வந்தால் நல்லதுதான். ஆனால் அது அவர்கள் பிழைப்புக்கு நடத்தும் கடை, லாபம் குறைந்த ஜிப்சமும் பசுந்தாள் விதையும் அங்கே கடைசியில்தான் வரும். எதையும் எதிர்க்க வேண்டாம். முகாமை உங்கள் டெப்போ வளாகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், ஒரே நாளில் ரசீதும் வருகைப் பதிவும் சேரும்.

பாகூர் உறவினருக்கு: புதுச்சேரியில் அமைப்பே வேறு. அங்கே வேளாண் துறையின் கிளை உழவர் உதவியகம் என்ற பெயரில் இயங்குகிறது. மானியம் நிலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கணக்கு. வீடு கடலூர் தாலுகாவில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் என்றாலும், வயல் பாகூர் கொம்யூனில் என்றால் பாகூர் பக்க உதவியகத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். இரு பக்கமும் நிலம் உள்ளவர்கள் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும், சர்வே எண்களைக் கலந்து எழுதினால் இரண்டும் தள்ளுபடி ஆகலாம். அங்கே உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. அதனால் கிராம சபைத் தீர்மானம் என்ற வழி கைக்கு வராது. தொகுதி எம்.எல்.ஏ.வும் வேளாண் இயக்குநர் அலுவலகமும்தான் நேர் வழி. தொகுதி சிறியது, எம்.எல்.ஏ. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பார், அந்த வகையில் உங்களைவிட உங்கள் உறவினருக்குச் சௌகரியம். தகவல் உரிமை மனுவில் இரண்டாம் மேல்முறையீடு வரை போக நேர்ந்தால், தமிழ்நாட்டுக்கு உள்ளதுபோல மாநிலத் தகவல் ஆணையம் அங்கே இல்லை, டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பயிரைக் காட்ட உதவியகத்தில் ஆள் இல்லாத நாளில், குரும்பாப்பேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். போகும்போது செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, நல்ல செடி ஒன்று, கெட்ட செடி ஒன்று என இரண்டு கொண்டுபோகச் சொல்லுங்கள். கைபேசியில் எடுத்த இலைப் படத்தை மட்டும் காட்டினால் வேரில் இருக்கும் நோய் தெரியாது.